குளிர்கால மிகை இறப்பை அளப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்கால மிகை இறப்பு என்றால் என்ன?

தெளிவான குளிர்காலம் உள்ள நாடுகளில் ஆண்டின் மற்ற மாதங்களைவிடக் குளிர்மாதங்களில் அதிகம் பேர் இறக்கிறார்கள். எத்தனை பேர் அதிகம் என்பதே குளிர்கால மிகை இறப்பு. குளிர்மாதங்களின் இறப்பிலிருந்து மற்ற மாதங்களின் சராசரி இறப்பைக் கழித்தால் கிடைப்பது. அவ்வளவுதான்.

இது இரண்டு பருவங்களுக்கு இடையிலான வித்தியாசம் மட்டுமே. எந்த ஒரு மனிதரையும் சுட்டி "இவர் அந்த மிகையில் ஒருவர்" என்று சொல்ல முடியாது. இதை மறந்துவிட்டு இந்த எண்ணைப் படித்தால் கீழே வரும் பல சிக்கல்கள் புரியாமலே போய்விடும்.

கணக்கை எப்படிப் போடுவது?

பரவலாகப் பயன்படும் முறை இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து புள்ளிவிவரங்களில் வேரூன்றியது. ஆகஸ்ட் முதல் அடுத்த ஜூலை வரையிலான 12 மாதங்களை மூன்று துண்டாக வெட்டுகிறார்கள்: ஆகஸ்ட்–நவம்பர், டிசம்பர்–மார்ச், ஏப்ரல்–ஜூலை. நடுத்துண்டுதான் குளிர்காலம்.

ஒரு கற்பனை மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம்.

ஆகஸ்ட்–நவம்பர்: 11,956 இறப்புகள்
டிசம்பர்–மார்ச்: 14,520 இறப்புகள்
ஏப்ரல்–ஜூலை: 12,444 இறப்புகள்

முதலில் இரு ஓரத் துண்டுகளின் சராசரி: (11,956 + 12,444) ÷ 2 = 12,200. இதுதான் அடித்தளம். அடுத்து 14,520 − 12,200 = 2,320. இது மிகை இறப்பு. கடைசியாக 2,320 ÷ 12,200 × 100 = 19.0. இது மிகை இறப்புக் குறியீட்டெண். மற்ற மாதங்களைவிடக் குளிர்காலத்தில் 19 சதவீதம் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்று படிக்க வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு, வகுக்கும்போது அடித்தளத்துக்குப் பதிலாகக் குளிர்கால மொத்தத்தால் வகுப்பது. அப்படிச் செய்தால் 16.0 வரும். இரண்டுமே சதவீதம் என்பதால் பிழை கண்ணில் படாது.

குளிர்காலத்துக்கு முந்தைய மாதங்களோடு மட்டும் ஒப்பிட்டால் போதாதா? ஏன் இரு பக்கமும்?

மக்கள்தொகை மூப்படையும் இடத்தில் இறப்பு ஆண்டு முழுக்க மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். பருவ வித்தியாசமே இல்லாத ஓர் ஊரில் மூன்று துண்டுகளும் 10,000, 10,100, 10,200 என்று ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய துண்டோடு மட்டும் ஒப்பிட்டால் 100 மிகை இறப்பு இருப்பதுபோல் தோன்றும். இரு பக்கச் சராசரி 10,100. கழித்தால் பூஜ்யம், அதுதான் சரி. போக்கு சீராக ஏறினாலும் சீராக இறங்கினாலும் இரு பக்கமும் இப்படி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஜூலை முடியும்வரை காத்திருக்காமல் கணக்கை முடிக்க முடியாது. மார்ச் மாதமே "இந்தக் குளிர்காலத்தின் மிகை இறப்பு" என்று இந்த முறையின் பெயரில் வரும் எண் எதையும் நம்ப வேண்டாம்.

டிசம்பர்–மார்ச் ஏன்? நவம்பரும் குளிர்தானே?

வரலாற்றுப் பதிவுகளில் இறப்பு சராசரிக்கு மேல் தொடர்ந்து நின்ற மாதங்கள் அவை. அதனால் தேர்ந்தெடுக்கப்பட்டன. வெப்பநிலையை வைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை. நவம்பரிலோ ஏப்ரலிலோ வரும் குளிர் அடித்தளத்துக்குள் போய் விழுகிறது, அதனால் மிகை குறைத்துக் காட்டப்படுகிறது. இந்த முறையின் மீதான கடுமையான விமர்சனங்களில் இதுவும் ஒன்று.

தென்கோளத்தில் ஜூன்–செப்டம்பர் குளிர்காலம். ஓரத்துண்டுகள் முந்தைய பிப்ரவரி–மே, அடுத்த அக்டோபர்–ஜனவரி.

பிப்ரவரியில் 28 நாள்தான். அது கணக்கைப் பாதிக்குமா?

பாதிக்கும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். டிசம்பர்–மார்ச் 121 நாள், லீப் ஆண்டில் 122. ஓரத்துண்டுகள் இரண்டும் எப்போதுமே 122. ஆகச் சாதாரண ஆண்டில் குளிர்காலத்துக்கு ஒரு நாள் குறைவு.

மேலே உள்ள எடுத்துக்காட்டில் நாள் சராசரி எடுத்துப் பாருங்கள். குளிர்காலத்தில் 14,520 ÷ 121 = நாளுக்கு 120 பேர். மற்ற மாதங்களில் 12,200 ÷ 122 = நாளுக்கு 100 பேர். குறியீட்டெண் 19.0 அல்ல, 20.0. மிகை இறப்பு 20 × 121 = 2,420. ஒரு நாள் வித்தியாசத்தில் 100 பேர் கணக்கில் மறைந்திருக்கிறார்கள்.

அதிகாரப்பூர்வ எண்களோடு ஒப்பிட வேண்டுமென்றால் அவர்கள் முறைப்படியே திருத்தாமல் போடுங்கள். சொந்த ஆய்வு என்றால், குறிப்பாக லீப் ஆண்டையும் சாதாரண ஆண்டையும் பக்கத்தில் வைக்கும்போது, நாள் சராசரியில் போடுவது நல்லது. தென்கோளத்தில் கணக்கு வேறு: குளிர்காலம் 122 நாள், ஓரங்கள் 120-ம் 123-ம். அங்கே கோணல் எதிர்ப்பக்கம் சாயும்.

எண்ணிக்கையைச் சொல்வதா, குறியீட்டெண்ணைச் சொல்வதா?

இரண்டையும். மருத்துவமனைப் படுக்கைகளையும் பிணவறை இடத்தையும் திட்டமிடுபவருக்கு எண்ணிக்கை வேண்டும். ஊர்களை ஒப்பிடுபவருக்குக் குறியீட்டெண் வேண்டும். பெரிய ஊரில் எண்ணிக்கை பெரிதாக இருப்பதில் செய்தி ஒன்றுமில்லை.

அப்படியென்றால் இத்தனை பேர் குளிரால் இறந்தார்கள் என்று சொல்லலாமா?

கூடாது. தலைப்புச் செய்திகளில் மிக அதிகம் நடக்கும் தவறு இது.

இங்கிலாந்து-வேல்ஸ் எண்களையே பாருங்கள். 2010 டிசம்பர் அங்கே நூறாண்டுகளில் இல்லாத குளிர் கொண்ட டிசம்பர். அந்த 2010/11 குளிர்காலத்தின் மிகை இறப்பு முதல் மதிப்பீட்டில் சுமார் 25,700. நான்கு ஆண்டு கழித்து வந்த 2014/15 குளிர்காலம் அப்படிக் கடுமையாக இல்லை. ஆனால் மிகை இறப்பு சுமார் 43,900. காரணம் அந்த ஆண்டு சுற்றிய எச்3என்2 வகை ஃப்ளூ. முதியவர்களைத் தாக்கும் வகை அது, தடுப்பூசியும் அதற்குச் சரியாகப் பொருந்தவில்லை. 2017/18-இல் முதல் மதிப்பீடு 50,100-ஐத் தொட்டது. அப்போது 1975/76-க்குப் பிறகு அதுவே உச்சம், அந்தப் பருவத்திலும் ஃப்ளூ கடுமைதான்.

ஆக இந்த எண்ணுக்குள் குளிர் இருக்கிறது, ஃப்ளூ இருக்கிறது, மற்றச் சுவாசக் கிருமிகள் இருக்கின்றன, மூடிய அறைகளில் மக்கள் நெருங்கி இருப்பது இருக்கிறது, நெரிசலான மருத்துவமனைகளும் இருக்கின்றன. வெறும் கழித்தல் கணக்கு இவற்றைப் பிரித்துத் தராது.

உடல் விறைத்து இறப்பவர்கள் இதில் மிகச் சொற்பம். குளிர் கொல்வது பெரும்பாலும் சுற்றுவழியில்தான். தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, ரத்த அழுத்தம் ஏறுகிறது, ரத்தம் சற்றுத் தடித்து உறையும் தன்மை கூடுகிறது. கடுங்குளிர் நாளுக்கு ஏறத்தாழ 2 நாள் கழித்து இதயநோய் இறப்பும், 5 நாள் கழித்துப் பக்கவாத இறப்பும், 12 நாள் கழித்துச் சுவாசநோய் இறப்பும் உச்சம் தொடுவதாக பிரிட்டிஷ் ஆய்வுகள் காட்டின. வீட்டுக்குள் 18 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்ததன் பின்னணியும் இதுவே.

ஓர் ஆண்டு குறியீட்டெண் குறைந்தால் குளிர்காலம் நன்றாகக் கழிந்தது என்று பொருளா?

அவசியமில்லை. கோடை மோசமாக இருந்தாலும் குறியீட்டெண் குறையும். எல்லோரும் குளிர்கால எண்ணான 14,520-ஐயே உற்றுப் பார்க்கிறார்கள், அதிலிருந்து கழிக்கப்படும் 12,200-ஐ யாரும் பார்ப்பதில்லை. சூட்சுமம் பாதி அங்கேதான் இருக்கிறது.

நம் மாவட்டத்தில் ஜூலையில் வெப்ப அலை வீசி 400 பேர் கூடுதலாக இறக்கிறார்கள் என்று வைப்போம். ஏப்ரல்–ஜூலை 12,844 ஆகிறது. அடித்தளம் 12,400. மிகை 2,120-ஆகவும் குறியீட்டெண் 17.1-ஆகவும் இறங்குகின்றன. குளிர்காலத்தில் ஒருவர்கூடக் கூடுதலாகப் பிழைக்கவில்லை. ஆனாலும் 200 பேர் மிகையிலிருந்து கழிந்துவிட்டார்கள். கோடை வெப்பம் கூடிவரும் இடங்களில் "குளிர்கால மிகை குறைந்துகொண்டே வருகிறது" என்ற வரைபடத்தைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது, குளிர்கால எண் இறங்கியதா, அடித்தளம் ஏறியதா என்பதுதான்.

எதிர்த்திசையிலும் ஏமாற்றும். கடும் ஃப்ளூ, மே அல்லது ஜூனில் எப்படியும் இறந்திருக்கக்கூடிய நலிந்தவர்கள் 300 பேரைப் பிப்ரவரியிலேயே கொண்டுபோய்விட்டால் குளிர்காலம் 14,820, ஏப்ரல்–ஜூலை 12,144. அடித்தளம் 12,050, மிகை 2,770. முன்கூட்டி நகர்ந்தவர்கள் 300 பேர், மிகையில் ஏறியது 450. நகர்ந்த ஒவ்வொருவரும் ஒன்றரை ஆளாக எண்ணப்படுகிறார். ஃப்ளூ உச்சம் தள்ளிப்போய் மார்ச்சுக்குப் பதில் ஏப்ரலில் விழுந்தால் இதே ஒன்றரை மடங்கு எதிர்ப்பக்கம் வேலை செய்யும்.

கோவிட் காலத்து எண்களை எப்படிப் படிப்பது?

மேற்சொன்ன கோளாறின் உச்சக்கட்டம் அது. 2020 ஏப்ரலில் பிரிட்டனில் கோவிட் முதல் அலை உச்சத்தில் இருந்தது. ஏப்ரலோ அடித்தள மாதம். எல்லா இறப்பையும் சேர்த்தால் இங்கிலாந்து-வேல்ஸில் 2019/20-இன் மிகை இறப்பு சுமார் 10,000-ஆகச் சுருங்கும். ஓஎன்எஸ் எனப்படும் பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் கோவிட் இறப்புகளை விலக்கிப் போட்ட முதல் மதிப்பீடு சுமார் 28,300. அடுத்த 2020/21-இல் அலை குளிர்காலத்திலேயே வந்ததால் எண் 63,000-க்கு எகிறியது. இந்த இரண்டு ஆண்டுகளையும் நீண்டகாலப் போக்குக் கோட்டில் சேர்க்காதீர்கள். சேர்த்தே ஆக வேண்டும் என்றால் கோவிட் சேர்த்து ஒரு கோடு, விலக்கி ஒரு கோடு என்று இரண்டாக வரையுங்கள்.

மிகை இறப்பு எதிர்மறையாக வருமா?

வரும். சிறிய ஊர்களில் சர்வசாதாரணம். கணக்குப் பிழை என்று நினைத்துப் பூஜ்யமாக மாற்றிவிடாதீர்கள். அப்படி மாற்றினால் ஊர்களின் கூட்டுத்தொகை மாவட்ட எண்ணோடு ஒத்துப்போகாது, சராசரியும் மேல்நோக்கி இழுக்கப்படும்.

இறந்த தேதியா, பதிவான தேதியா?

முடிந்தால் இறந்த தேதி. இரண்டும் ஒன்றல்ல என்பது பதிவு அலுவலகத் தரவைக் கையாண்டவர்களுக்குத் தெரியும். இங்கிலாந்து, வேல்ஸில் 5 நாளுக்குள்ளும் ஸ்காட்லாந்தில் 8 நாளுக்குள்ளும் இறப்பைப் பதிய வேண்டும். ஆனால் இங்கிலாந்து, வேல்ஸில் மரண விசாரணைக்குப் போகும் இறப்புகள் விசாரணை முடிந்தபிறகே பதிவாகும். அதற்குச் சில மாதங்கள்கூட ஆகலாம்.

ஓஎன்எஸ் இறந்த தேதியை எடுத்துக்கொண்டது. ஸ்காட்லாந்தின் புள்ளிவிவர அமைப்பான நேஷனல் ரெக்கார்ட்ஸ் ஆஃப் ஸ்காட்லாந்து பதிவான தேதியை எடுத்துக்கொள்கிறது. அங்கே பதிவு விரைவாக நடப்பதால் அது பெரிய பாதகமில்லை. உங்கள் தரவில் தாமதம் நீளமானால் டிசம்பர் கடைசியில் இறந்தவர் ஏப்ரலில் பதிவாகி, குளிர்காலத்திலிருந்து கழிந்து அடித்தளத்தில் சேர்ந்துவிடுவார். மேலே சொன்ன அதே ஒன்றரை மடங்குப் பிழை.

விடுமுறைகளும் விளையாடும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் அலுவலகம் மூடியிருப்பதால் பதிவு சரிந்து, ஜனவரி இரண்டாம் வாரம் குவியும். இரண்டுமே குளிர்காலத் துண்டுக்குள் அடங்குவதால் நான்கு மாத மொத்தத்தைப் பாதிக்காது. வார வாரியாகப் பார்ப்பவரை மட்டும் பயமுறுத்தும். ஈஸ்டர் அப்படியல்ல. 2018-இல் புனித வெள்ளி மார்ச் 30-இல் வந்தது, ஈஸ்டர் ஞாயிறு ஏப்ரல் 1. அலுவலகம் மூடிய அந்த நாட்களின் பதிவுகள் எல்லை தாண்டி ஏப்ரலுக்குப் போகும். 2019-இல் ஈஸ்டர் ஏப்ரல் 21, அப்போது இந்தச் சிக்கல் இல்லை.

எக்செல்லில் போடும்போது எங்கே சறுக்கும்?

பெரும்பாலும் தேதியில்தான்.

நாளும் மாதமும் இடம் மாறுவது முதல் வில்லன். டிசம்பர் 4 என்பதை 04/12 என்று எழுதியிருக்க, மென்பொருள் அதை ஏப்ரல் 12 என்று படித்தால் ஓர் இறப்பு குளிர்காலத்திலிருந்து அடித்தளத்துக்குத் தாவிவிடும். டிசம்பர் 3, மார்ச் 12 ஆனால் இரண்டுமே குளிர்காலம், பிழை தெரியவே தெரியாது. 13-ஆம் தேதியும் அதற்கு மேற்பட்டவையும் தேதியாக மாறாமல் எழுத்தாகவே நின்று எண்ணிக்கையில் சேராமல் போகும். சோதிக்க எளிய வழி: மாதத்தின் முதல் 12 நாட்களின் இறப்பையும் மீதி நாட்களின் இறப்பையும் தனித்தனியே கூட்டி, நாள் சராசரி ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, நேரமும் சேர்ந்த தேதி. "மார்ச் 31-க்குச் சமம் அல்லது குறைவு" என்று நிபந்தனை போட்டால் மார்ச் 31 காலை 10 மணிக்கு இறந்தவர் விடுபட்டுப்போவார், ஏனெனில் மென்பொருளுக்கு மார்ச் 31 என்றால் அந்த நாள் பிறந்த நள்ளிரவு. "ஏப்ரல் 1-க்குக் குறைவு" என்று போடுங்கள்.

மூன்றாவது, ஆண்டின் பெயர். 2023 டிசம்பரும் 2024 ஜனவரியும் ஒரே குளிர்காலம். காலண்டர் ஆண்டு வாரியாகக் கூட்டினால் இரண்டு வெவ்வேறு குளிர்காலங்களின் பாதிப்பாதி ஒட்டிக்கொள்ளும். மாத எண் 8 அல்லது அதற்கு மேல் என்றால் அந்த ஆண்டு, இல்லையென்றால் முந்தைய ஆண்டு என்று தனி நெடுவரிசை ஒன்றை முதலிலேயே உருவாக்கிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

தற்காலிக எண்ணும் இறுதி எண்ணும் ஏன் மாறுகின்றன?

தாமதமாகப் பதிவாகும் இறப்புகளுக்காக. தற்காலிக எண்ணில் கடைசி மாதங்கள் ஓரளவு மதிப்பீடுதான். அடுத்த ஆண்டு முழுப் பதிவும் வந்ததும் திருத்துகிறார்கள். மேலே சொன்ன 50,100 பின்னர் 50,000-க்குக் கீழே வந்தது. எந்த எண்ணை எடுக்கிறீர்கள் என்பதை எழுதிவையுங்கள். பழைய ஆண்டுகளுக்கு இறுதி எண், புதிய ஆண்டுக்குத் தற்காலிக எண் என்று கலந்து போடுவது தவிர்க்க முடியாதது. சொல்லாமல் கலப்பதுதான் தப்பு.

எங்கள் ஊர் சிறியது. குறியீட்டெண் ஒரே ஆண்டில் 5-லிருந்து 25-க்குத் தாவிவிட்டது. என்ன ஆயிற்று?

பெரும்பாலும் ஒன்றுமே ஆகியிருக்காது. சிறிய எண்கள் அப்படித்தான் குதிக்கும்.

குளிர்காலத்தில் 400, மற்ற எட்டு மாதங்களில் 680 இறப்புகள் உள்ள ஓர் ஊர். அடித்தளம் 340, மிகை 60, குறியீட்டெண் 17.6. இதன் நம்பக இடைவெளியை, அதாவது உண்மை எண் பெரும்பாலும் அடங்கும் எல்லைகளைக் கணக்கிட, 1 ÷ 400-ஐயும் 1 ÷ 680-ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள்: 0.063. இதை 1.96-ஆல் பெருக்கினால் 0.1235. இயல் மடக்கையின் தலைகீழ் எடுத்தால், அதாவது எக்செல்லின் எக்ஸ்ப் சார்பில் இட்டால், 1.131. குளிர்கால விகிதமான (400 ÷ 340) 1.176-ஐ இதனால் வகுத்தால் கீழெல்லை 1.04, பெருக்கினால் மேலெல்லை 1.33. ஆக உண்மைக் குறியீட்டெண் 4-லிருந்து 33 வரை எங்கும் இருக்கலாம்! ஆண்டுக்கு 1,080 பேர் இறக்கும் ஊருக்கே இந்த நிலை.

மூன்று ஆண்டுகளைச் சேர்த்து 1,200-ம் 2,040-ம் ஆனால் இடைவெளி 10-லிருந்து 26-ஆகக் குறுகும். சேர்க்கும்போது இறப்புகளைக் கூட்டிவிட்டு ஒரே முறை வகுக்க வேண்டும். மூன்று குறியீட்டெண்களின் சராசரியை எடுக்காதீர்கள். ஊர்களைத் தரவரிசைப்படுத்தும் அட்டவணையை இந்த இடைவெளி இல்லாமல் வெளியிடுவதைவிட வெளியிடாமலே இருப்பது மேல்.

இன்னொன்று: இந்தச் சூத்திரம் ஒவ்வொரு இறப்பும் மற்றதோடு தொடர்பில்லாமல் நடப்பதாகக் கொள்கிறது. ஃப்ளூ ஒரு முதியோர் இல்லத்துக்குள் புகுந்தால் அப்படி நடக்காது. உண்மை இடைவெளி இதைவிட அகலம்தான்.

எந்தெந்த நோய்களில் குளிர்கால ஏற்றம் அதிகம்?

சுவாச நோய்களில். 2017/18-இல் இங்கிலாந்து-வேல்ஸ் மிகை இறப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதில்தான் விழுந்தது. அடுத்து மறதி நோய், இதய நோய், பக்கவாதம். புற்றுநோயில் ஏற்றம் மிகக் குறைவு. அதனால் கணக்கைச் சோதிக்க அது வசதியான உரைகல்: உங்கள் தரவில் புற்றுநோய் இறப்பும் 20 சதவீதம் ஏறியிருந்தால் தேதியில் ஏதோ பிசகியிருக்கிறது.

இறப்புச் சான்றிதழில் ஃப்ளூ என்று எழுதியவற்றைக் கூட்டினால் ஃப்ளூ இறப்பு கிடைத்துவிடாதா?

கிடைக்காது. ஃப்ளூவில் விழுந்த முதியவர் இரண்டு வாரம் கழித்து நிமோனியாவிலோ மாரடைப்பிலோ இறப்பார். யாரும் அதற்குள் கிருமிப் பரிசோதனை செய்திருக்க மாட்டார்கள். சான்றிதழில் ஃப்ளூ இருக்காது. மிகை இறப்பு என்ற எண்ணமே இந்த இடைவெளியை அடைக்கத்தான் பிறந்தது: 1847-இல் லண்டனைத் தாக்கிய ஃப்ளூவின் உண்மைச் சுமையை ஆங்கிலேயப் புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் மதிப்பிட்டது வழக்கமான இறப்போடு ஒப்பிட்டுத்தான்.

நோய்வாரியாக நீண்டகாலத்தை ஒப்பிடுபவர்கள் குறியீட்டு முறை மாறிய ஆண்டுகளையும் கவனிக்க வேண்டும். நோய்களுக்குக் குறியீடு தரும் சர்வதேசப் பட்டியலின் பத்தாம் பதிப்பான ஐசிடி-10 ஸ்காட்லாந்தில் 2000-இலும் இங்கிலாந்து, வேல்ஸில் 2001-இலும் வந்தது. அதன்பின் நிமோனியா அடிப்படைக் காரணமாகக் குறிக்கப்படுவது குறைந்தது. நோய் குறையவில்லை, விதி மாறியது.

குளிர் அதிகமான நாட்டில் மிகையும் அதிகமாக இருக்குமா?

பெரும்பாலும் தலைகீழ். 1988 முதல் 1997 வரையிலான ஐரோப்பியத் தரவை ஒப்பிட்ட ஆய்வில் போர்ச்சுகல் 28 சதவீதத்துடன் முதலிடம். ஸ்பெயினும் அயர்லாந்தும் 21, பிரிட்டன் 18. பனி உறையும் பின்லாந்து வெறும் 10. கடுங்குளிர் நாடுகளில் சுவரும் ஜன்னலும் வெப்பம் காக்கும்படி கட்டப்பட்டிருக்கும். மிதமான குளிர் நாடுகளில் வீட்டுக்குள்தான் குளிர்.

ஆனால் இந்த ஒப்பீட்டையும் கொஞ்சம் எச்சரிக்கையோடு படியுங்கள். பின்லாந்தில் நவம்பரும் ஏப்ரலும் குளிர்மாதங்கள். அவை அடித்தளத்தில் விழுவதால் அங்கே மிகை குறைத்துக் காட்டப்படுகிறது. நான்கே மாதக் குளிர் என்ற சட்டகம் எல்லா நாட்டுக்கும் ஒரே அளவில் பொருந்தாது.

செய்தியில் "இந்தக் குளிர்காலத்தில் மிகை இறப்பே இல்லை" என்கிறார்கள். இன்னொரு இடத்தில் 25,000 என்கிறார்கள். எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். ஒரே பெயரில் இரண்டு அளவுகள் உலவுகின்றன. முதலாவது, இந்த ஜனவரியை முந்தைய ஆண்டுகளின் ஜனவரிகளோடு ஒப்பிடுவது. வழக்கமான குளிர்காலம் என்றால் அதில் விடை பூஜ்யம். இரண்டாவது, குளிர்காலத்தை அதே ஆண்டின் மற்ற மாதங்களோடு ஒப்பிடுவது. அதில் வழக்கமான குளிர்காலத்துக்கே 15, 20 சதவீதம் வரும்.

வார வாரியான கண்காணிப்பு முதல் வகையைச் சேர்ந்தது. 1963-இல் செர்ஃப்லிங் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் வகுத்த முறைப்படி, நீண்டகாலப் போக்கையும் ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் சைன் அலையையும் தரவில் பொருத்தி, எதிர்பார்க்கும் இறப்புக் கோட்டை வரைகிறார்கள். ஐரோப்பாவில் 2008-இல் தொடங்கிய யூரோமோமோ என்ற இறப்புக் கண்காணிப்பு வலையமைப்பு இதன் நவீன வடிவத்தை வாராவாரம் இயக்குகிறது. ஃப்ளூவும் வெப்ப அலையும் தொடாத வசந்த, இலையுதிர் வாரங்களை மட்டும் வைத்துக் கோட்டைப் பொருத்துவது அதன் நுட்பம். வாரத் தரவைத் தொடுபவர்கள் 53 வாரம் வரும் ஆண்டுகளை மறக்க வேண்டாம்: 2015, 2020, 2026.

குளிரின் பங்கை மட்டும் பிரித்தெடுக்க என்ன செய்ய வேண்டும்?

நாள்வாரி இறப்பும் நாள்வாரி வெப்பநிலையும் வேண்டும், குறைந்தது சில ஆண்டுகளுக்கு. எந்த வெப்பநிலையில் இறப்பு மிகக் குறைவோ அந்தப் புள்ளியை முதலில் கண்டுபிடித்து, அதற்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு நாளும் எவ்வளவு கூட்டுகிறது என்று பார்க்கிறார்கள். முக்கியமானது பின்விளைவுக் காலம். வெப்பம் ஓரிரு நாளில் கொல்லும். குளிரின் விளைவு மூன்று வாரம்வரை இழுக்கும். 3 நாள் பின்விளைவு மட்டும் எடுத்தால் குளிரின் பங்கில் பெரும்பகுதி கைநழுவிவிடும்.

இந்த வழியில் 13 நாடுகளின் 384 இடங்களில் 7.4 கோடிக்கும் மேற்பட்ட இறப்புகளை ஆராய்ந்து 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, 7.29 சதவீத இறப்பைக் குளிருக்கும் 0.42 சதவீதத்தை வெப்பத்துக்கும் கணக்கு வைத்தது. அதில் பெரும்பகுதி கடுங்குளிர் நாட்களில் நடந்தவை அல்ல. ஆண்டில் ஏராளமாக வரும் மிதமான குளிர் நாட்களில் நடந்தவை. டிசம்பர்–மார்ச் சட்டகம் தவறவிடும் நாட்களும் அவற்றில் அடக்கம்.

குளிர்காலமே இல்லாத வெப்பமண்டலத்தில் இந்தக் கணக்கு செல்லுமா?

மாதங்களை அப்படியே எடுத்துப் பொருத்தினால் செல்லாது. ஐந்தாறு ஆண்டுகளின் மாதவாரி நாள் சராசரி இறப்பை முதலில் வரைந்து பாருங்கள். மழைக்காலத்தில் ஓர் ஏற்றம், கோடையில் இன்னொன்று என்று இரண்டு மேடு வரலாம். அப்போது "குளிர் − மற்றவை" என்ற ஒற்றைக் கழித்தலுக்கு அர்த்தமில்லை. ஆண்டுக்கு இரண்டு அலை கொண்ட வளைவைப் பொருத்துவதே வழி.

அறிக்கையில் எண்ணோடு சேர்த்து எதையெல்லாம் எழுத வேண்டும்?

எந்த மாதங்கள், இறந்த தேதியா பதிவு தேதியா, தற்காலிகமா இறுதியா, நாள் சராசரி எடுத்ததா இல்லையா, நம்பக இடைவெளி எவ்வளவு. இவற்றோடு மூன்று துண்டுகளின் மொத்தத்தையும் தனித்தனியே அச்சிடுங்கள். மூன்றே எண்தான், ஒரு வரியில் அடங்கிவிடும். மிகை எண் மட்டும் இருந்தால் படிப்பவரால் எதையும் சரிபார்க்க முடியாது. மூன்று துண்டும் இருந்தால் அந்த ஆண்டு ஏறியது குளிர்காலமா, இறங்கியது கோடையா என்று அவரே கண்டுகொள்வார்.